இடமறிந்து பொருளறியும் வீடு

ஒரே நிகழ்ச்சி இரண்டு இடங்களில் நிகழும்போது இரண்டு வேறு பொருள் தருவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். குளியலறைத் தரையில் நீர் தேங்கியிருந்தால் அதனை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே நீர் கூடத்துத் தரையில் தேங்கியிருந்தால், எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று ஓடிப் பார்க்கிறோம். அடுப்பங்கரையிலிருந்து புகை வந்தால் சமையல் நடைபெறுகிறது என்கிறோம். படுக்கையறையிலிருந்து புகை வந்தால் கூச்சலிடுகிறோம். முதியவர் ஒருவர் பிற்பகலில் பாயில் அரைமணி நேரம் அசையாமல் கிடந்தால், உறங்குகிறார் என்று கதவை மெல்லச் சாத்துகிறோம். அவரே குளியலறைக்குள் சென்று அரைமணி நேரம் ஓசையின்றி இருந்தால் கதவைத் தட்டுகிறோம். நீர் ஒன்றே, புகை ஒன்றே, அசைவின்மையும் ஒன்றே. அவற்றிற்குப் பொருளை வழங்குவது இடம்.

மனிதராகிய நமக்கு இவ்வறிவு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. தவழும் குழந்தைகூட, எந்த வாயிலைக் கடந்தால் தாய் இருக்கும் அடுக்களையை அடையலாம் என்பதை விரைவில் கற்றுக்கொள்கிறது. பொறிகளின் நிலை அவ்வாறன்று. விளக்கைத் தானே ஏற்றும் கருவி, ஆள் நடமாட்டத்தைக் கண்டு செய்தி அனுப்பும் கருவி, கதவு திறந்ததை அறிவிக்கும் கருவி எனப் பலவகைப் பொறிகள் இன்று நகரக் கடைகளில் மலிந்துள்ளன. அவற்றையெல்லாம் ஒருங்கிணைத்து ‘அறிவார்ந்த வீடு’ என்று பெயரிட்டு விளம்பரமும் செய்கின்றனர். அவ்வீட்டின் அறிவு எதனால் அமைவது? கருவிகளின் எண்ணிக்கையாலா? அவற்றின் விலையாலா? இரண்டாலும் அன்று, வீட்டின் அமைப்பைக் கருவிகள் அறிந்திருப்பதால்தான். எந்த அறைக்கு அடுத்தது எந்த அறை, இடையே இருப்பது சுவரா வாயிலா, உள்ளே வர எத்தனை வழி, வெளியேற எத்தனை வழி என்னும் செய்திகளை அறியாத பொறி, எத்துணை நுட்பமாக அளந்தாலும் தான் அளந்ததன் பொருளை அறியாது. இதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி அன்று. தில்லியிலும் மும்பையிலும் புணேயிலும் பெங்களூரிலும் எத்தனையோ குடும்பங்களில், கணவனும் மனைவியும் பணிக்குச் சென்றபின், ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள தாயோ மாமனாரோ பகல் முழுதும் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கின்றனர். அண்டை வீட்டாரின் மொழியும் அவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. வேறு சிலருடைய பெற்றோர் ஊரை விட்டு வர மனமில்லாமல் ஊரிலேயே தனித்து வாழ்கின்றனர். அவர்கள் நலமாக இருக்கிறார்களா என்னும் கவலையே இக்கருவிகளை வாங்குமாறு நம்மைத் தூண்டுகிறது. ஆதலின், இவை எப்போது உண்மை கூறும், எப்போது பிழைபடும் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தமிழ் இலக்கணத்தார் வகுத்தனர். அவ்விரண்டும் தெரிந்த பின்னரே, அகப்பாட்டில் வரும் பறவையும் பூவும் செயலும் உரிய பொருளைப் பெறுகின்றன. இன்றைய கணிப்பொறி வல்லுநர்கள் இதை ஒத்த ஒன்றையே தங்கள் பொறிகளுக்குக் கற்பிக்க முயல்கின்றனர். அதற்குச் ‘சூழலறிவு’ என்று நாம் பெயரிடலாம். 1994 ஆம் ஆண்டில் பில் ஷிலிட், நார்மன் ஆடம்ஸ், ராய் வான்ட் என்னும் மூவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், சூழல் என்பதன் முதன்மையான கூறுகள் மூன்று என்று கூறினர். ஒருவர் எங்கே இருக்கிறார், யாருடன் இருக்கிறார், அருகில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பனவே அவை. மூன்றுமே இடத்தைச் சார்ந்தவை என்பதைக் கவனித்தல் வேண்டும். ‘உடன்’ என்பதும் ‘அருகில்’ என்பதும் இடத்தால் அமையும் உறவுகளே அல்லவா?

இவ்வாராய்ச்சிக்கு ஊக்கம் தந்தவர்களுள் முதல்வராகக் கருதப்படுபவர் மார்க் வைசர். கலிபோர்னியாவில் சிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், 1991 ஆம் ஆண்டில் ‘சயண்டிபிக் அமெரிக்கன்’ என்னும் இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். கணிப்பொறி மேசைமேல் அமர்ந்துகொண்டு நம்மைத் தன்பால் இழுக்கும் நிலை மாறவேண்டும். எழுத்து எவ்வாறு பெயர்ப்பலகையிலும் புத்தகத்திலும் எங்கும் பரவி, இருப்பதே தோன்றாமல் நமக்கு உதவுகிறதோ, அவ்வாறே கணிப்பொறியும் சூழலுக்குள் மறைந்துநின்று உதவவேண்டும் என்பது அவர் கருத்து. அங்ஙனம் மறைந்து உதவும் பொறி, தான் எந்த அறையில் இருக்கிறது என்பதையேனும் அறிந்திருக்கவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஒலிவெட்டி ஆராய்ச்சிச் சாலையில், ஒரு சிறிய சின்னம் உருவாயிற்று. முன்னர்க் கூறிய ராய் வான்ட் அதை உருவாக்கியவர்களுள் ஒருவர். பணியாளர்கள் சட்டையில் அணிந்துகொள்ளும் அச்சின்னம், ஏறத்தாழ 15 நொடிக்கு ஒருமுறை, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரால் தன் அடையாளத்தை வெளியிடும். அறைகளில் அமைக்கப்பட்ட ஏற்பிகள் அதைப் பற்றிக்கொள்ளும். ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தால், அவர் அப்போது எந்த அறையில் இருக்கிறாரோ அவ்வறைக்கு அதனை அனுப்ப இஃது உதவிற்று.

இதன் நுட்பம் ஓரிடத்தில் இருக்கிறது. அகச்சிவப்புக் கதிர் சுவரை ஊடுருவாது. அறைக்குள் பட்டுத் தெறித்து எங்கும் பரவும். ஆனால் அறையைவிட்டு அடுத்த அறைக்குச் சுவர்வழியே செல்லாது. ஆகவே ஓர் அறையின் ஏற்பி ஒரு சின்னத்தைக் கண்டது என்றால், அச்சின்னத்தை அணிந்தவர் அவ்வறையில் இருக்கிறார் என்று பெரும்பாலும் உறுதியாகக் கூறிவிடலாம். அவர் சன்னலோரம் நிற்கிறாரா, மேசையருகே நிற்கிறாரா என்பது தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. கட்டடத்தைக் கட்டிய கொத்தனார் எழுப்பிய சுவரே பொறிக்கு அறிவாக அமைந்துவிட்டது.

பின்னர் அதே நகரில், இன்னும் துல்லியமான முறை ஒன்றை வகுத்தனர். செவிக்குப் புலனாகாத மீயொலியைக் கொண்டு, ஆளும் பொருளும் இருக்கும் இடத்தைச் சில சென்டிமீட்டர் அளவுக்குக் கணிக்கும் முறை அது. கூரையில் வரிசையாகப் பொருத்திய ஏற்பிகளை ஒலி வந்தடையும் காலத்தைக் கொண்டு தொலைவைக் கண்டனர். ஆனால் இங்கே ஒரு புதிய வினா எழுந்தது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு ஒரு முழமே எனக் கணக்குக் கூறலாம். அவ்விரண்டுக்கும் நடுவே சுவர் ஒன்று நின்றால், ஒரு புள்ளியிலிருந்து மற்றதை அடையக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு இருபது அடி நடக்கவேண்டியிருக்கும். அடுக்களை அலமாரியும், சுவருக்கு அப்பால் உள்ள அண்டை வீட்டுக் கட்டிலும் எண்களில் நெருங்கியவை, வாழ்க்கையில் தொலைவானவை. ஆகவே நுண்ணிய எண் மட்டும் போதாது என்று கண்டு, அறை, மேசையைச் சுற்றிய பகுதி, தொலைபேசியைச் சுற்றிய பகுதி எனக் கட்டடத்தை வட்டாரங்களாக வரைந்து பொறிக்குக் கொடுத்தனர். ஒருவர் எந்த வட்டாரத்துள் இருக்கிறார் என்பதே அதன்பின் பொறி கேட்கும் கேள்வியாயிற்று.

2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மூவர் இன்னொரு வழி கண்டனர். அம்மூவருள் ஒருவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1993 இல் பட்டம் பெற்ற ஹரி பாலகிருஷ்ணன். அவர்கள் தம் அமைப்பிற்குச் சிள்வண்டின் ஆங்கிலப் பெயரையே இட்டுக் ‘கிரிக்கெட்’ என அழைத்தனர். இடியும் மின்னலும் ஒருங்கே தோன்றினாலும் மின்னலை முதலில் காண்கிறோம். இடியைப் பின்னர்க் கேட்கிறோம். இடையே கழிந்த நொடிகளை எண்ணினால் இடி விழுந்த தொலைவு தெரியும். இதே முறையில், சுவரிலோ கூரையிலோ பொருத்திய ஒரு சிறு கருவி வானொலி அலையையும் மீயொலியையும் ஒரே கணத்தில் அனுப்பும். நம் கையிலுள்ள கருவி, முன்னது வந்ததற்கும் பின்னது வந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டுத் தொலைவை அறியும்.

அவர்களும் சுவரைப் பற்றி எண்ணவேண்டியிருந்தது. அறையின் நடுவில் மட்டும் கருவியைப் பொருத்தினால், வாயிலருகே நிற்பவருக்குத் தம் அறையின் கருவியைவிட அடுத்த அறையின் கருவி அண்மையில் இருப்பதாகத் தோன்றிவிடலாம். எனவே இரண்டு பகுதிகளின் எல்லைக்கு இருபுறமும் சம தொலைவில் கருவிகளை வைத்தல் வேண்டும் என்று விதித்தனர். அப்போதுதான் எல்லையைக் கடந்த கணத்தில் பொறியின் விடையும் மாறும். கருவியை எங்கே மாட்டுகிறோம் என்பது கருவியின் தரத்தைப் போலவே முதன்மையானது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, வீட்டின் அமைப்பைப் பொறிக்கு எவ்வாறு சொல்வது என்பதைப் பார்ப்போம். கொத்தனாரின் வரைபடத்தில் உள்ள நீள அகலங்கள் எல்லாம் வேண்டுவதில்லை. தாளில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு வட்டம் இடுக. வாயிலால் இணைந்த அறைகளுக்கு இடையே ஒரு கோடு இழுக்க. சுவர் மட்டும் இருந்தால் கோடு வேண்டா. இவ்வளவே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பில் ஹில்லியர், ஜூலியன் ஹான்சன் என்னும் இருவர், 1984 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வரைவுகளைக் கொண்டு வீடுகளையும் ஊர்களையும் ஆராய்ந்தனர். தெருவிலிருந்து ஓர் அறையை அடைய எத்தனை படிகள் கடக்கவேண்டும் என்று எண்ணி, அதனை அவ்வறையின் ‘ஆழம்’ என்றனர். ஆழம் குறைந்த இடத்தில் அயலார் நிற்கலாம். ஆழம் மிகுந்த இடத்தில் வீட்டார் மட்டுமே புழங்குவர். நம் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பதை நினைவு கூர்ந்தால் இக்கருத்து உடனே விளங்கும். திண்ணையில் ஆள் அமர்ந்திருப்பது செய்தி அன்று. நள்ளிரவில் அடுக்களையில் அயலார் காலடி கேட்பது செய்தி.

இவ்வட்டங்களும் கோடுகளும் செய்யும் உதவியை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். நடமாட்டத்தை அறிய மிகுதியாகப் பயன்படுவது, உடற்சூட்டின் மாற்றத்தை உணரும் மலிவான கருவி. அதற்கு முன்னே ஒருவர் அசைந்தால் அஃது அறியும். அசையாமல் இருந்தால் அறியாது. அதாவது வீழ்ந்து கிடப்பவரும், இல்லாத ஒருவரும் அதற்கு ஒன்றே. இப்போது, நடையில் ஒரு கருவியும் குளியலறையில் ஒரு கருவியும் இருப்பதாகக் கொள்வோம். நடையில் அசைவு தெரிகிறது. அடுத்துக் குளியலறையில் தெரிகிறது. அதன்பின் எங்கும் ஒன்றுமில்லை. வீட்டின் அமைப்பை அறியாத பொறி, ‘ஆள் இல்லை’ என்று விளக்கை அணைத்துவிட்டு ஓய்ந்துவிடும். அமைப்பை அறிந்த பொறியோ இவ்வாறு எண்ணும்: ‘குளியலறைக்கு வாயில் ஒன்றே. அவ்வாயில் நடையில்தான் திறக்கிறது. உள்ளே சென்றவர் வெளியே வந்திருந்தால் நடையில் அசைவு தோன்றியிருக்கும். தோன்றவில்லை. ஆகவே அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், அசையாமல் இருக்கிறார்.’ அரைமணி நேரம் இவ்வாறு கழிந்தால் மகனுடைய கைபேசிக்கு எச்சரிக்கை போகும். ஒன்றுமில்லை என்னும் மௌனத்தைச் செய்தியாக மாற்றியது எது? ஒரே ஒரு வாயில் என்னும் அறிவுதான்.

இன்னும் ஒன்று. அடுக்களையில் அசைவு, அடுத்த நொடியே படுக்கையறையில் அசைவு, மறுபடியும் அடுக்களையில் அசைவு என்று செய்தி வருவதாகக் கொள்வோம். இரண்டுக்கும் இடையே கோடு இல்லை. கூடத்தைக் கடந்தே செல்லவேண்டும். கூடத்துக் கருவியோ வாய் திறக்கவில்லை. அவ்வாறாயின், வீட்டில் இருப்பவர் ஒருவர் அல்லர், இருவர். அன்றேல் ஏதோ ஒரு கருவி பழுதுபட்டிருக்கிறது என்று பொறி தெளியலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டயன் குக் என்பாரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டுகளாக இத்துறையில் உழைத்து வருகின்றனர். 2013 ஆம் ஆண்டில், ஒரு பெட்டிக்குள் அடங்கும் கருவித் தொகுதி ஒன்றைப் பற்றி அவர்கள் எழுதினர். அசைவையும் கதவையும் உணரும் எளிய கருவிகளின் செய்தியை இடத்தோடும் நேரத்தோடும் பொருத்தி, உறக்கம், சமையல், உணவு முதலிய செயல்களை இனங்காணும் முறை அது. படம் பிடிக்கும் கருவி அதற்குத் தேவைப்படவில்லை.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டால், எல்லாம் இனிது முடிந்தது என்று தோன்றும். ஆனால், அந்த வரைபடம் எவருடைய வீட்டின் வரைபடம் என்று நாம் கேட்டாக வேண்டும். கடையில் வாங்கும் கருவியைப் பொருத்தும்போது, ‘வசிக்கும் அறை, உண்ணும் அறை, படுக்கையறை’ என்னும் பெயர்ப்பட்டியல் கைபேசியில் தோன்றும். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அறை என்னும் மேலைநாட்டு வாழ்க்கையை ஒட்டி எழுந்த பட்டியல் அது. நம் நாட்டு நிலை என்ன? 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, சமையலறை, குளியலறை முதலியன நீங்கலாக ஒரே ஓர் அறையில் வாழும் குடும்பங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 37. மும்பையின் பழைய சால்களில் ஓர் அறையே காலையில் உண்ணும் இடம். பகலில் குழந்தைகள் படிக்கும் இடம். இரவில் அனைவரும் பாய் விரிக்கும் இடம். வாயிலுக்கு வெளியே உள்ள நீண்ட நடை எல்லாருக்கும் பொது; கழிப்பறையும் பல சால்களில் பொது. அங்கே நள்ளிரவில் கதவு திறப்பது திருட்டும் அன்று. வாயிலில் ஆள் நடப்பது அயலார் வரவும் அன்று. அந்த அறைக்குப் ‘படுக்கையறை’ என்று ஒரு பெயரை மட்டும் இட்டுப் பொறியிடம் கொடுத்தால், அது நாள் முழுவதும் பிழையே சொல்லும்.

வசதி மிகுந்த அடுக்குமாடி வீடுகளிலும் நம் பழக்கவழக்கங்கள் வேறு. தரையில் அமர்ந்து காய் நறுக்குகிறோம். தரையில் படுத்துக் கண்ணயர்கிறோம். வீழ்ச்சியை அறியும் கருவிகளில் ஒருவகை, ஒருவர் தரையோடு தரையாகக் கிடப்பதையே வீழ்ச்சியின் அறிகுறியாகக் கொள்ளும். கட்டிலில் உறங்குபவர் வீட்டில் அது சரி. மதியத்தில் குளிர்ந்த தரையில் முந்தானையை விரித்துப் படுக்கும் பாட்டி இருக்கும் வீட்டில், அது நாள்தோறும் கூக்குரலிடும். நுண்ணலையால் மூச்சின் அசைவையும் உணரவல்ல கருவிகள் இப்போது வந்துள்ளன. அவை மேலே சுழலும் மின்விசிறியையும் ஆள் என்று மயங்குவதுண்டு. மெல்லிய பலகைத் தடுப்பை ஊடுருவி அடுத்த அறையில் இருப்பவரை இவ்வறையில் இருப்பவராகக் காட்டுவதும் உண்டு. ஊரில் பெற்றோர் வாழும் வீட்டில் கொல்லைப்புறக் கதவு ஒன்று இருக்கும். தெருக்கதவில் மட்டும் கருவியைப் பொருத்தினால், தாயார் கொல்லைவழியே அடுத்த வீட்டுக்குச் சென்றிருக்கும் வேளையில், ‘உள்ளே இருக்கிறார், அசைவில்லை’ என்னும் செய்தி வந்து நம்மைப் பதறச் செய்யும்.

பதற்றம் ஒருநாளோடு முடிந்தால் கேடில்லை. பொய்யான எச்சரிக்கை நான்குமுறை வந்தால், ஐந்தாம் முறை நாம் கைபேசியை எடுத்துப் பார்ப்பதில்லை. பத்தாம் முறைக்குப்பின் கருவியையே நிறுத்திவிடுகிறோம். உண்மையாகவே ஒருவர் வீழ்ந்து கிடக்கும் நாளில் அஃது ஊமையாகச் சுவரில் தொங்கும். ஆகவே, வீட்டின் அமைப்பைப் பொறிக்குச் சரியாகச் சொல்லுதல் ஓர் அழகுக்காகச் செய்யும் வேலை அன்று. கருவி நமக்குப் பயன்படுமா, பயன்படாதா என்பதை முடிவு செய்வதே அதுதான்.

இதற்கு நாம் செய்யத்தக்கவை எளியவை. முதலாவது, கருவி வாங்குமுன் ஒரு தாளில் நம் வீட்டை வட்டமும் கோடுமாக வரைந்துகொள்ளுதல். ஒரே வாயிலை உடைய அறைகள் எவை என்று குறித்துக்கொள்ளுதல். குளியலறை பெரும்பாலும் அவற்றுள் ஒன்றாக இருக்கும். அவ்வறைக்கு உள்ளே ஒன்றும் அதன் வாயிற்புறத்தில் ஒன்றுமாக இரு கருவிகள் இருந்தால், அவை வீடெங்கும் இறைத்த பத்துக் கருவிகளைவிட மிகுதியாக உதவும். இரண்டாவது, ஒவ்வோரிடத்திற்கும் காலை, பகல், இரவு என்று மூன்று கட்டங்கள் இட்டு, அங்கே அவ்வேளையில் யார் என்ன செய்வர் என்று எழுதுதல். ‘கூடம்: பகலில் அமர்வது, இரவில் படுப்பது’ என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்ல இடந்தரும் கருவியே நமக்கு ஏற்றது. மூன்றாவது, வெயில் நேரே விழும் சன்னலை நோக்கியும் அடுப்பை நோக்கியும் சூடு உணரும் கருவியை மாட்டாதிருத்தல். நான்காவது, கட்டிலும் அலமாரியும் இடம் மாறினால், அன்றே பொறிக்கும் அதனைத் தெரிவித்தல்.

இனி, பேசாமல் விடமுடியாத ஒன்று உள்ளது. வீட்டின் வரைபடமும் அதில் நிகழும் நடமாட்டமும் சேர்ந்தால், நம் வாழ்க்கையே ஒரு தாளில் எழுதப்பட்டதாகும். எப்போது விழிக்கிறோம், இரவில் எத்தனை முறை எழுகிறோம், எந்நேரம் வீடு வெறுமையாக இருக்கும் என்பனவெல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும். 2017 ஆம் ஆண்டில், தானே தரையைப் பெருக்கும் பொறியைச் செய்யும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் தலைவர், அப்பொறி வரையும் வீட்டு வரைபடங்களைப் பிற நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்வது குறித்துப் பேசியபோது, மக்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. அவற்றை விற்கப்போவதில்லை என்று அந்நிறுவனம் விளக்கம் தர நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. தனிமனிதரைப் பற்றிய மின்னணுத் தரவுகளைக் காப்பதற்கான சட்டத்தை 2023 இல் நாடாளுமன்றம் இயற்றியது.

சட்டம் ஒருபுறம் இருக்க, அமைப்பிலேயே அந்தரங்கத்தைக் காக்க வழி உண்டு. கேம்பிரிட்ஜ் சின்னத்தில், ஆள் தன்னை அறிவிக்கிறார். கட்டடம் அவரைத் தெரிந்துகொள்கிறது. கிரிக்கெட் முறையில் கட்டடம் தன்னை அறிவிக்கிறது. ஆள் தம் இடத்தைத் தாமே தெரிந்துகொள்கிறார். அதைப் பிறருக்குச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவர் விருப்பம். இரண்டும் ஏறத்தாழ ஒரே பணியைச் செய்கின்றன. ஆனால் அறிவு யார் கையில் தங்குகிறது என்பதில் வேறுபடுகின்றன. ஆகையால் கருவி விற்பவரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘வீட்டின் வரைபடமும் நடமாட்டக் குறிப்பும் வீட்டிலேயே தங்குமா? அன்றேல் வெளியே எங்கேனும் சென்று சேருமா?’ என்பதே அது.

கேள்வி விற்பவரோடு நின்றுவிடலாகாது. எவருடைய நடமாட்டத்தைக் கருவி காணப்போகிறதோ, அவருடைய சம்மதத்தை முதலில் பெறுதல் வேண்டும். ‘உங்கள் நலத்துக்காகத்தான்’ என்று சொல்லித் தாய்க்குத் தெரியாமல் கருவியைப் பொருத்துதல் அன்பாகாது. அக்கருவி எதை அறியும், எதை அறியாது, செய்தி யாருக்குப் போகும் என்பதைத் தமிழில் அவர்களுக்கு விளங்கச் சொல்லவேண்டும். வேண்டா என்று அவர்கள் ஓர் அறையைக் காட்டினால், அவ்வறையை விட்டுவிடவேண்டும். நம் வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும் அம்மையாரும் அவ்வறைகளில் நடமாடுகிறார். அவர் எந்த அறையில் எத்தனை நிமிடம் இருந்தார் என்று கணக்கெடுக்கும் உளவுக்கருவியாக இஃது ஆகிவிடக் கூடாது.

நேயர்களே, சுவர் எழுப்பியதும் வாயில் வைத்ததும் மனிதன். யார் உள்ளே வரலாம், யார் வாயிலில் நிற்கவேண்டும், எங்கே அடுப்பு, எங்கே வழிபாடு என்று பல தலைமுறைகள் எண்ணி எண்ணி அமைத்ததே வீடு. அவ்வமைப்பில் அடங்கியுள்ள அறிவைக் கடன் வாங்கும்போதுதான் பொறியும் சிறிது அறிவு பெறுகிறது. அந்த அறிவை அதற்கு வழங்க வல்லவர்கள் தொலைநாட்டுத் தொழிற்சாலையார் அல்லர், அவ்வீட்டில் வாழ்பவர்களே. ஆதலின் வரைபடத்தை நாமே வரைவோம். நம் வீட்டுப் பெரியோரை உடன் இருத்திக்கொண்டு வரைவோம். கூடவே, மின்சாரம் நின்றுபோனாலும் தளராத பழைய ஏற்பாடு ஒன்றையும் கைவிடாதிருப்போம். மொழி வேறாயினும், எதிர் வீட்டாரிடம் ஒரு மாற்றுச்சாவியைக் கொடுத்து வைப்போம். எச்சரிக்கை வந்தவுடன் ஓடிச் சென்று கதவைத் திறக்க ஒரு மனிதர் வேண்டுமல்லவா?